பொத்தானும் 'மிச்சமும்': சிறு பிலிமில் தொடங்குவதன் அரசியல்

1

'படம் எடுக்கணும், எங்கேர்ந்து தொடங்குறது?' என்ற கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு ஆயத்த விடை இருந்து வந்திருக்கிறது. சின்னதா தொடங்கு. எட்டு மி.மீ., முடிஞ்சா பதினாறு. கையடக்கமான காமிரா ஒன்று, ஒரு ரோல் பிலிம், நல்ல வெயில். இது போதும் என்றுதான் கையேடுகள் எல்லாம் சொல்லி வந்தன. இந்த விடை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஒரு மௌனம் இருக்கிறது. எடுத்த பிலிமை யார் கழுவுவது, எங்கே ஓட்டுவது, யார் உட்கார்ந்து பார்ப்பது – இதைப் பற்றி அந்தக் கையேடுகள் வாயே திறக்காது.

அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 'சிறு பிலிம்' என்பது இயற்கையாகவே சின்னதாகப் பிறந்த ஒன்றல்ல. திட்டமிட்டு, கணக்குப் போட்டு, சின்னதாக வெட்டப்பட்டது. வெட்டியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்த நோக்கத்தை மீறியவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்பதைப் பார்ப்பது, இன்று காமிராவைக் கையிலெடுக்கிற தோழர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் பயன்படும் என்ற எண்ணத்தில்தான் இது எழுதப்படுகிறது.

2

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் பெட்டியிலிருந்து தொடங்கலாம். அது சினிமாக் காமிரா இல்லை, புகைப்படப் பெட்டி. விலை 25 டாலர். உள்ளே நூறு படம் எடுக்கச் சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் பெட்டியை அப்படியே அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி, அச்சுப் போட்டு, புதுச் சுருளையும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். இதற்கு இன்னொரு 10 டாலர். பொத்தானை நீ அமுக்கு, மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

இந்த 'மிச்சம்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். படம் உண்டாவதில் பொத்தான் அமுக்குவது ஒரு நொடி வேலை. மிச்சம்தான் வேதியியல், உழைப்பு, அறிவு, விநியோகம் எல்லாம். அந்த முழுவதையும் 'மிச்சம்' என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டு, நொடி வேலையை மட்டும் பயனாளியின் கையில் கொடுத்து, 'நீதான் எடுத்தாய்' என்று நம்ப வைத்தது கம்பெனி. நம்மூரில் கழுவுகிற வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. விசித்திரம் என்னவென்றால், பிலிம் விஷயத்தில் கழுவுகிறவன்தான் எஜமான்.

இதே தர்க்கம் சினிமாவுக்கு வந்தது 1923இல். அந்த ஆண்டு கோடாக் 16 மி.மீ. பிலிமையும் அதற்கான காமிராவையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏன் பதினாறு? அன்று தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. பிலிம் நைட்ரேட்டால் ஆனது, தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். அதை இரண்டாக வெட்டினால் பதினேழரை வரும். யாரும் அப்படி வெட்டி வீட்டுப் புரொஜக்டரில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வேறொரு அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 16 மி.மீ. எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் பிலிம். வீட்டுக்குப் பாதுகாப்பு, உண்மைதான். அதே நேரத்தில் தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவரும் எழும்பியது. இந்தப் பக்கம் 'தொழில்முறை', அந்தப் பக்கம் 'அமெச்சூர்'. வீட்டில் எடுத்தது தியேட்டரில் ஓடாது, ஓடவும் கூடாது.

காமிரா, புரொஜக்டர், திரை எல்லாம் சேர்ந்த அந்த முதல் செட்டின் விலை 335 டாலர். வசதியானவர்களின் விளையாட்டுச் சாமான். 1932இல், பெருமந்தத்தின் நடுவே, 8 மி.மீ. வந்தது. காமிரா 29.50 டாலர். இது எப்படி சாத்தியமாயிற்று? 16 மி.மீ. பிலிமையே எடுத்து, ஓரத்துளைகளை இரட்டிப்பாக்கி, முதலில் ஒரு பாதியில் ஓட விட்டு, பிறகு சுருளைத் திருப்பி மாட்டி மறுபாதியில் ஓட விட்டார்கள். கழுவிய பிறகு லேபில் நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டித் தருவார்கள். ஆக, 25 அடிச் சுருளிலிருந்து 50 அடிப் படம். சிக்கனம் அபாரம். ஆனால் வெட்டுகிற கத்தி மறுபடியும் லேபில்தான் இருந்தது.

1935இல் கோடாக்ரோம் வண்ணப் பிலிம் வந்ததும் இந்தப் பிடி இன்னும் இறுகியது. கறுப்பு வெள்ளையை ஒரு இருட்டறையும் நாலு தொட்டியும் இருந்தால் யாரும் கழுவிவிடலாம். கோடாக்ரோம் அப்படியல்ல, நிறச்சாயமே கழுவும்போதுதான் படலம் படலமாக ஏற்றப்படும். வீட்டில் நடக்கிற காரியமில்லை. பிலிம் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்தே கோடாக் விற்றது. 1954இல் அமெரிக்க அரசின் நீதித்துறை ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் தலையிட்டு, இந்த இரண்டையும் பிரிக்கவும் பிற லேப்களுக்குத் தொழில்நுட்ப உரிமம் தரவும் ஒப்புக்கொள்ள வைத்தது. முதலாளிய அரசே சகிக்க முடியாத அளவுக்கு 'மிச்சம்' பெருத்துப்போயிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

1965இல் சூப்பர் 8. இந்தத் தொடரின் முழுமை இதுதான். பிலிமைக் கையால் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டியைக் காமிராவின் வாயில் திணித்தால் போதும். 50 அடி, 3600 பிரேம்கள். வினாடிக்கு 18 வீதம் ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது வினாடி. துளையைச் சிறிதாக்கி, பிம்பத்தின் பரப்பைப் பெரிதாக்கியிருந்தார்கள். குழந்தைகூட எடுக்கலாம். எடுத்தார்கள், உலகமெங்கும்.

3

எதை எடுத்தார்கள்? பிறந்தநாள், கடற்கரை, கிறிஸ்துமஸ் மரம், புதுக்கார். காமிரா பெரும்பாலும் அப்பாவின் கையில். அம்மா கையசைப்பாள். அடுப்படி வேலை இருக்காது, சண்டை இருக்காது, சம்பளம் வராத மாதம் இருக்காது. அமெச்சூர் சினிமா பற்றி பட்ரீஷியா சிம்மர்மன் 1995இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகப் பேசியது. 'அமெச்சூர்' என்கிற வகைமையே குடும்பத்துக்குள், ஓய்வு நேரத்துக்குள் அடைக்கப்பட்டதையும், அமெச்சூர்களுக்கான பத்திரிகைகள் அவர்களை ஹாலிவுட் மாதிரி எடுக்கச் சொல்லிப் பழக்கியதையும் அவர் காட்டினார். அதாவது, சுவருக்கு அந்தப் பக்கம் உன்னை விடமாட்டோம். ஆனா அந்தப் பக்கத்து மொழியிலேதான் நீ பேசணும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. துரைமார்களின் வேட்டை, விருந்து, தோட்டம், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஆயா. சிறு பிலிமில் நம்மவர்கள் தோன்றியது இப்படித்தான்: வேறொரு வீட்டின் நினைவுக்குள் வேலைக்காரர்களாக. அந்த ஆயாவுக்கென்று ஒரு காமிரா இல்லை. அவளை எடுத்த படத்தை அவள் பார்த்திருப்பாளா என்று யாரும் கேட்டதில்லை. பின்னாளில் 16 மி.மீ. நம் கிராமங்களுக்கு வேனில் ஏறி வந்தபோதும், குடும்பக் கட்டுப்பாடு, உயர் விளைச்சல் விதை என்று அரசின் குரலாகத்தான் வந்தது. பார்ப்பது மட்டுமே நமக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர்களில் மாயா டெரனைச் சொல்ல வேண்டும். 1943இல் பதினாறு மி.மீ. காமிராவில், சொந்த வீட்டில், கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து எடுத்த படத்தில், அந்த 'வீடு' என்பதையே ஒரு கொடுங்கனவாக மாற்றினார் – சாவி, கத்தி, மாடிப்படி. அமெச்சூர் என்ற சொல்லின் வேர் நேசிப்பவர் என்பது. காசுக்காகச் செய்யாததுதான் அவருடைய பலம் என்று பின்னாளில் எழுதினார். கம்பெனி இழிவாகப் பயன்படுத்திய சொல்லை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்ட செயல் இது. என்றாலும் டெரனின் விடுதலை காமிராவுக்கு முன்னால் நிகழ்ந்த விடுதலை. 'மிச்சம்' என்கிற ஏற்பாட்டின் மீது கைவைத்தவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்தார்கள்.

4

8 மி.மீ. பிலிம் சந்தைக்கு வந்த அதே 1932இல், சோவியத் ஒன்றியத்தில் அலெக்சாண்டர் மெத்வெத்கின் ஒரு ரயிலில் ஏறினார். அந்த ரயில் பெட்டிகளுக்குள்ளேயே லேப், வெட்டி ஒட்டும் மேசை, புரொஜக்டர், படுக்கை எல்லாம் இருந்தன. 294 நாட்கள். சுரங்கம், தொழிற்சாலை, கூட்டுப்பண்ணை என்று போய் நின்று, இன்று எடுத்து, ராத்திரி கழுவி, நாளை அவர்களுக்கே போட்டுக் காட்டி, விவாதம் நடத்துவது. பிலிம் என்னவோ 35 மி.மீ.தான். ஆனால் நம் கேள்விக்கு இது நேரடியான விடை. ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்: ஒன்றில் பிலிம் தபாலில் ராச்செஸ்டருக்குப் போகிறது, இன்னொன்றில் லேப் ரயிலேறி ஆட்களிடம் வருகிறது.

இதைப் புனிதப்படுத்திவிட வேண்டியதில்லை. ரயில் உக்ரைனிலும் ஓடியது. அதே 1932–33இல் அங்கே பஞ்சம் லட்சக்கணக்கானோரைத் தின்றது. எந்தத் தொழிலாளி சோம்பேறி, எந்தப் பண்ணை பின்தங்கியது என்று காட்டிக்கொடுத்த காமிராவுக்கு, பசியைக் காட்ட உத்தரவு இல்லை. லேப் கையில் இருந்தது, கை கட்சியினுடையதாக இருந்தது. கழுவும் உரிமை மட்டும் போதாது, எதைக் கழுவுவது என்று தீர்மானிக்கிற உரிமையும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மெத்வெத்கினின் பெயர் மறுபடி எழுந்தது பிரான்சில், பெசான்சோன் நகரத்தில். 1967இல் அங்கே ரோதியாசெத்தா செயற்கை இழை ஆலையில் வேலைநிறுத்தம். கிறிஸ் மார்க்கரும் மரியோ மாரேயும் போய் 16 மி.மீ.இல் படமெடுத்தார்கள். 1968 ஏப்ரலில் அதைத் தொழிலாளர்களுக்கே போட்டுக் காட்டியபோது பாராட்டு மழை பொழியவில்லை. எங்களை ஏதோ கற்பனாவாதத்தோடு, வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்றார்கள். அந்த விவாதம் ஒலிநாடாவில் பதிவாகி இருக்கிறது. மார்க்கரின் பதில் முக்கியமானது: நான் வெளியாள்தான், தொழிலாளர்களின் சினிமாவைத் தொழிலாளர்கள்தான் எடுக்க முடியும். சொன்னதோடு நிற்கவில்லை. காமிராவும் வெட்டும் மேசையும் ஆலைத் தொழிலாளர்களின் கைக்கு வந்தன, பயிற்சி தொடங்கியது. 'மெத்வெத்கின் குழு' பிறந்தது இப்படித்தான்.

அவர்கள் 1969இல் முடித்த 'கிளாஸ் த லூத்' படத்தில் மையமாக இருப்பவர் சூசான் செதே, கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். மார்க்கரின் படத்தில் கணவர் பேச, பக்கத்தில் கிட்டத்தட்ட மௌனமாக உட்கார்ந்திருந்தவர் இவர். இப்போது சங்கம் கட்டுகிறார், துண்டறிக்கை அடிக்கிறார், வாசலில் நின்று பேசுகிறார். இரண்டு படத்துக்கும் இடையில் இரண்டே வருடம். பிலிம் அகலம் மாறவில்லை, காமிராவும் அதே ரகம். காமிராவுக்குப் பின்னால் நின்றவர்கள் மாறினார்கள், அதனால் பேசுகிறவரும் மாறினார். சினிமா மாயம் இல்லை, அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தொழில்நுட்பம் என்கிற பொருளில் அந்தப் படத்தில் சுவரில் எழுதியே வைத்திருப்பார்கள்.

5

ஐரோப்பாவில் இது வர்க்கப் பிரச்சினை என்றால் ஆப்பிரிக்காவில் காலனியப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. அங்கே இந்தக் கதையின் நாயகரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரே: ழான் ரூஷ். 1940களில் நைஜர் நதியில் 16 மி.மீ. காமிராவோடு இறங்கிய பிரெஞ்சு மானுடவியலாளர். முக்காலி தொலைந்துபோக, கையில் பிடித்தே எடுக்கப் பழகினார். சாவி கொடுத்து ஓடும் அந்தக் காமிராவில் ஒரு ஷாட் இருபத்தைந்து வினாடிக்கு மேல் போகாது. 1958இல் வந்த 'முவா, அன் நுவார்' படம் இந்த மூச்சுத் திணறலிலேயே எடுக்கப்பட்டது. அபிஜான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, இந்தோசீனப் போருக்குப் போய்த் திரும்பிய உமரு கண்டா, ஒலியில்லாமல் எடுத்த தன் வாழ்க்கைக் காட்சிகளுக்குப் பிறகு தானே குரல் கொடுத்தார். அதே கண்டா பின்னாளில் தன் கதையைத் தானே சொல்கிறேன் என்று இயக்குநரானார். ஆனால் செம்பேன் உஸ்மான் 1965இல் ரூஷை நேரில் வைத்துக்கொண்டே, நீங்கள் எங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள் என்றார். இரண்டும் உண்மை.

1975இல் போர்ச்சுக்கலிடமிருந்து விடுதலை பெற்ற மொசாம்பிக்கில், 1978இல், தலைநகர் மாப்புட்டோவின் எதுவார்தோ மொந்த்லானே பல்கலைக்கழகத்தில் ரூஷ் ஒரு சூப்பர் 8 பட்டறை நடத்தினார். முறை இதுதான்: காலையில் எடுப்பது, மதியம் கழுவுவது, சாயங்காலம் வெட்டி ஒட்டுவது, ராத்திரி எடுக்கப்பட்டவர்களுக்கே ஓட்டிக் காட்டுவது. சினிமாவை ஒரு தபால் அட்டைபோல எழுதி அனுப்புவது என்றார் ரூஷ். குடும்பச் சுற்றுலாவுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, உள்ளூரிலேயே கழுவத் தொடங்கிய கணத்தில் கோடாக்கின் 'மிச்சம்' கை மாறியது. மெத்வெத்கினின் ரயில், இம்முறை தோளில் மாட்டிக்கொள்கிற அளவில்.

உடனே எதிர்ப்பும் வந்தது. மொசாம்பிக்கில் பிறந்து, பிரேசிலில் பெயர் பெற்று, புதிய நாட்டின் தேசியத் திரைப்பட நிறுவனத்தோடு பணியாற்ற வந்திருந்த ருய் கெர்ரா இதைக் கடுமையாக விமர்சித்தார். விமர்சனத்தின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: வெள்ளைக்காரனுக்கு முப்பத்தைந்து, எங்களுக்கு எட்டா? ஐரோப்பா பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற சாமானை எங்களுக்குப் புரட்சி என்று தருவது பழைய எஜமானத்தனத்தின் புது வடிவம் இல்லையா? நிறுவனம் தன் வழியில் 'குஷா கனேமா' செய்திப்படங்களைத் தயாரித்து, நடமாடும் திரையரங்குகளில் ஊர் ஊராகக் காட்டியது. அதே ஆண்டில் கோதாரும் வீடியோ, தொலைக்காட்சித் திட்டத்தோடு அங்கே போய், முடிக்காமல் திரும்பினார்.

யார் சொன்னது சரி? கெர்ராவின் சந்தேகத்தை உதறிவிட முடியாது. சூப்பர் 8 ரிவர்சல் பிலிமில் நெகட்டிவ் கிடையாது. காமிராவில் ஓடிய அதே பிலிம்தான் கழுவியபின் திரையில் ஓடுகிறது. ஒரே ஒரு படி. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கீறல் விழும். யாருக்காக எடுத்தார்களோ அவர்களுக்குக் காட்டக் காட்டப் படம் அழிகிறது. படி எடுத்து ஊரெங்கும் பரப்ப வேண்டுமானால் மறுபடி லேப், மறுபடி வெளிநாடு. ராத்திரிக்குள் பார்த்துவிடலாம் என்ற உடனடித்தன்மைக்குக் கொடுத்த விலை, ஆவணக் காப்பகத்தில் இடமில்லாமல் போனது. பெரிய பிலிமும் நிரந்தரம் தந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1991இல் தேசிய நிறுவனமே தீயில் எரிந்தது. செய்திப்படச் சுருள்கள் பல தப்பிப் பிழைத்தன, அவற்றை எடுக்க வைத்த அமைப்பு பிழைக்கவில்லை. ஆக, எட்டா முப்பத்தைந்தா என்பது பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி. எது உள்ளூரில் கழுவப்பட்டது, எது எடுக்கப்பட்டவர்களின் கண்முன் ஓடியது என்று கேட்டிருந்தால் இருவரும் ஒரே பக்கம் நின்றிருக்கக்கூடும்.

ரூஷின் மாப்புட்டோ அனுபவத்திலிருந்து 1981இல் பாரீசில் 'வாரான்' பட்டறை நிறுவனமாயிற்று. தெற்கில் செய்த பரிசோதனை வடக்கில் பள்ளிக்கூடமாகிறது என்பதையும் கவனித்துக்கொள்வோம்.

6

கழுவுவதற்கு முன்னாடி பிலிம் வேணுமே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. மூன்றாம் உலக நாடு ஒன்று சொந்தமாகப் பிலிம் செய்வது சாதாரண விஷயமில்லை. வண்ணமும் பிறகு டிஜிட்டலும் வந்து, தாராளமயமும் சேர்ந்து, ஆலை நலிந்து மூடப்பட்டது. பிலிமோடு சேர்ந்து, அதில் எது 'இயல்பு' என்ற தீர்மானமும் வெளியிலிருந்தே வந்தது. கோடாக் தன் லேப்களுக்கு அனுப்பிய நிற அளவுகோல் அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுப்புத் தோல் இருட்டில் கரைந்ததைவிட, சாக்லெட்டும் மரச்சாமானும் சரியாக விழவில்லை என்று விளம்பரக் கம்பெனிகள் புகார் செய்ததுதான் மாற்றத்தைத் தூண்டியது என்று லோர்னா ராத் 2009இல் எழுதிய ஆய்வு காட்டியது. 'மிச்சம்' என்பது வெறும் வேதியியல் இல்லை.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். சூப்பர் 8 கோடாக்ரோம் 2005இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 டிசம்பர் 30உடன் பிலிம் வாங்குவதை நிறுத்தியது. அதன்பின் அலமாரியில் கழுவாமல் கிடந்த கோடாக்ரோம் சுருள் ஒவ்வொன்றும் வண்ணத்தில் பார்க்க முடியாததாகிவிட்டது. பிறந்தநாளும் கடற்கரையும் உள்ளே இருக்கின்றன, திறக்கிற சாவி கம்பெனியோடு போய்விட்டது. 2012இல் கோடாக் திவால் மனு போட்டது. பிறகு மீண்டு, புதிய சூப்பர் 8 காமிரா ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை 5,495 டாலர். 'சின்னதாகத் தொடங்குவது' இப்போது பணக்காரர்களின் ஏக்கப் பொருள்.

மறுபக்கத்தில், கைவிடப்பட்ட லேப்களின் தொட்டிகளையும் அச்சு எந்திரங்களையும் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கூட்டாக நடத்துகிற சிறு லேப்கள் முளைத்தன. பாரீசுக்கு அருகில் 1996இல் தொடங்கிய 'லபொமினாப்ல்' அவற்றில் ஒன்று. அங்கே யாரும் யாருக்காகவும் கழுவித் தருவதில்லை. வருகிறவர் கற்றுக்கொண்டு தானே கழுவ வேண்டும். தொழில்நுட்பம் முதலாளிக்கு லாபமற்றதாகும்போதுதான் அது நம் கைக்கு வருகிறது என்ற கசப்பு இதில் உண்டு. வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியும் உண்டு.

இன்று எல்லார் பையிலும் காமிரா இருக்கு, இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். பொத்தான் இப்போதும் நம்மிடம்தான். எடுத்தது எங்கே தங்குகிறது, யாருக்குக் காட்டப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்ற 'மிச்சம்' யாரிடம் என்று பார்த்தால் 1888இன் விளம்பரம் பழசாகிவிடவில்லை என்பது தெரியும்.

எனவே சிறு பிலிமில் தொடங்க விரும்பும் தோழர்கள் காமிராவைக் கடைசியாகத் தேடட்டும். முதலில் ஒரு சுவர், அதன்முன் உட்கார்ந்து, எடுத்தவரின் முகத்துக்கு நேரே 'இது நாங்க இல்லை' என்று சொல்லக்கூடிய பத்துப் பேர். அடுத்து வெளிச்சம் புகாத ஒரு அறை, நாலு பக்கெட், கறுப்பு வெள்ளை பிலிமுக்கான மருந்து, கழுவத் தெரிந்த ஒருவர், அவரிடம் கற்றுக்கொள்ள இருவர். இது அமைந்துவிட்டால் காமிராவை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.